கேபிள் யாரு கையில?

ரோபோடிக்ஸ் சொல்லித் தருகிறோம் என்று கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிற பள்ளிக்கூடங்களைப் பார்த்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான். சென்சார் எத்தனை வாங்கினீங்க, த்ரீடி பிரிண்டர் இருக்கா, போட்டியில கப் அடிச்சீங்களா, அதெல்லாம் கிடக்கட்டும். கண்ட்ரோலர் போர்டையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கிற ஒரு முழ நீளக் கேபிள் இருக்கே, அது யாரு கையில இருக்கு? புள்ளைங்க கையிலயா, சாரு பீரோவுலயா?

இதெல்லாம் ஒரு கேள்வியான்னு தோணும். உங்களில் பாதிப்பேர் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து பொட்டி தட்டுகிறவர்கள். யூஎஸ்பி கேபிளைச் சொருகுவது உங்களுக்குச் செருப்பு மாட்டுவது மாதிரி. ஆனா நம்ம ஊர்ல ரோபோடிக்ஸ் என்ற பேர்ல நடக்கிற ஏமாத்து வேலை பூரா அந்தக் கேபிளுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கு. கேபிள் பிள்ளை கையில இருந்தா அது படிப்பு. இல்லேன்னா அது பொம்மலாட்டம். அதுல பொம்மை யாருங்கறதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க :-)

சும்மா சொல்லவில்லை. நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், பெயரை எழுதினால் அந்த ஒரு பள்ளிக்கூடம் மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும். அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் சரக்கல்விளை சிவன், மறுபக்கம் மேலக்காட்டுவிளை நாராயணன். ரெண்டு பேரும் நம்ம குமரி மாவட்டத்து ஆட்கள். முதலாமவர் 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவர், இரண்டாமவர் 2025 ஜனவரியில் அதே நாற்காலிக்கு வந்தவர். ரெண்டு பேருமே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர்கள். படம் போடுவதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள்தான். பிரச்சினை படத்தில் இல்லை, படத்துக்குக் கீழே இருந்த மேசையில்.

மேசை மேல் ஒரு சார்ட் அட்டை, அதில் கறுப்பு டேப் ஒட்டிய பாதை, பாதை மேல் ஒரு சின்ன வண்டி. கோட்டைப் பார்த்துப் போகிற வண்டி. பக்கத்தில் எட்டாங்கிளாஸ் பிள்ளை ஒன்று. இது ஆர்டுயினோ ஊனோ, இது ஐஆர் சென்சார், இது மோட்டார் டிரைவர் என்று கடகடவென்று ஒப்பித்தது. வண்டி நேர்கோட்டில் நன்றாகத்தான் போனது. வளைவு வந்ததும் கோட்டை விட்டு வெளியே பாய்ந்தது. பிள்ளை எடுத்து மறுபடி கோட்டில் வைத்தது. மறுபடி பாய்ந்தது.

"வளைவுல வெளிய போகுதே மக்ளே, ஸ்பீடைக் கொஞ்சம் கொறச்சுப் பாப்பமா?"

"ஸ்பீடு கூடுதல்னு எனக்கே தெரியும் மாமா. அத சாரு வந்துதான் மாத்தணும். லேப்டாப் அவியகிட்டதான் இருக்கு."

"சாரு எப்ப வருவாவ?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வருவாவ. கேபிளும் அவிய பேக்லதான் இருக்கும். நாங்க யாரும் தொடப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ. போர்டு போயிருமாம்."

கவனிச்சீங்களா? நோய் என்னன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. மருந்தும் தெரிஞ்சிருக்கு. புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாத்தணும். அந்தப் போர்டில் மோட்டார் வேகத்தை 0 முதல் 255 வரை ஒரு எண்ணாகக் கொடுப்பார்கள். 200 இருந்தால் 140 ஆக்கிப் பார்க்க வேண்டியதுதான், போதாவிட்டால் 120. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம்தான் ரோபோடிக்ஸ். மிச்சமெல்லாம் ஸ்குரூ முடுக்குவது. முடுக்குவதற்கு மட்டும் பிள்ளையை விட்டுவிட்டு, யோசித்ததை மாற்றிப் பார்க்கிற அந்தப் பத்து நிமிஷத்தை வெளியூர் ட்ரெயினர் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதுக்கு மாசாமாசம் தனியா ஃபீஸ் வேற. என்ன கொடுமை சார் இது!

"போர்டு போயிரும்" என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏன்னா இந்தப் பயத்தை வைத்துத்தான் மொத்தக் கடையும் ஓடுகிறது.

ஊனோவில் இருக்கிற சிப் பெயர் ஏடிமெகா328பி. புரோகிராமை வைத்துக்கொள்ள அதில் 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம் உண்டு. இதில் எத்தனை தடவை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளரே கணக்குக் கொடுத்திருக்கிறார்: 10,000 தடவை. ஒரு பிள்ளை தினம் பத்து முறை புரோகிராம் ஏற்றினாலும் ஆயிரம் நாள் தாங்கும். பள்ளிக்கூடம் வருஷத்துக்கு இருநூறு நாள் என்று வையுங்கள், அஞ்சு வருஷம் ஆச்சு. எட்டாங்கிளாஸ் பிள்ளை பிளஸ் டூ முடிச்சே போயிரும்.

சரி, தப்பான புரோகிராமை ஏற்றினால்? ஒன்றும் ஆகாது. அந்த 32 கிலோபைட்டில் அரை கிலோபைட்டை பூட்லோடர் என்று ஒரு குட்டி புரோகிராம் தனியாகப் பிடித்து வைத்திருக்கும். வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா மாதிரி. போர்டு ரீசெட் ஆகும்போதெல்லாம் தாத்தா முதலில் எழுந்து, கம்ப்யூட்டர் பக்கமிருந்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று கொஞ்ச நேரம் காது கொடுப்பார். கூப்பிட்டால் புதுப் புரோகிராமை வாங்கி உள்ளே வைப்பார். யாரும் கூப்பிடாவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பதை ஓடவிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். பிள்ளை எவ்வளவு கோமாளித்தனமான புரோகிராமை ஏற்றினாலும் தாத்தாவை அது தொடாது. அடுத்த தடவை நல்லதை ஏற்றினால் சரியாகிவிடும்.

போர்டு போகவே போகாதா என்றால், போகும். பேட்டரியின் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் போகும். அஞ்சு வோல்ட் பின்னில் பன்னிரண்டு வோல்ட்டைக் கொடுத்தால் போகும். அதாவது ஒயர் மாட்டும்போது போகும். ஆனா ஒயர் மாட்டத்தான் பிள்ளைகளைத் தாராளமா விடுறாங்களே! ஆபத்தான வேலையைச் செய்ய விட்டுவிட்டு, ஆபத்தில்லாத வேலையைப் பூட்டி வைப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் சொல்லலாம்.

*

இப்போ கேபிள் மேட்டருக்கு வருவோம். சொருகினால் வேலை செய்ய வேண்டியதுதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்பவர்களுக்காக.

சாதாரண யூஎஸ்பி 2 கேபிளுக்குள் நாலு ஒயர். ரெண்டு கரண்ட்டுக்கு, ரெண்டு பேச்சுக்கு. மலிவான செல்போன் சார்ஜர் கேபிள் சிலதில் பேச்சு ஒயர் ரெண்டும் கிடையாது. செலவு மிச்சம். ஊனோவுக்கு பிரிண்டர் கேபிள்தான் சேரும் என்பதால் அதில் இந்தத் தொந்தரவு குறைவு. இஎஸ்பி32, நோடுஎம்சியு மாதிரி போர்டுகளுக்கு வீட்டில் கிடக்கிற சார்ஜர் கேபிளை மாட்டுவார்கள். போர்டில் லைட் எரியும். கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். லைட் எரியுது, அப்போ கேபிள் நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணி, போர்டு செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க எத்தனை பேர்! கரண்ட் போவது வேறு, சேதி போவது வேறு. இதைப் புத்தகத்தில் ஒரு பாராவாகப் படித்தால் மறந்துபோகும். ரெண்டு கேபிளை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்த பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர். ஏடிமெகா328பி சிப்புக்கு யூஎஸ்பி பாஷை தெரியாது. அதுக்குத் தெரிந்தது பழைய சீரியல் பாஷை. நடுவில் ஒரு துபாஷி சிப் வேண்டும். ஒரிஜினல் ஊனோவில் அந்த வேலைக்கு ஏடிமெகா16யு2 இருக்கும். நம்ம கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற நகல் போர்டுகளில் சிஎச்340 என்ற சீனச் சிப் இருக்கும். இந்தத் துபாஷியைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ள டிரைவர் வேண்டும். நெட் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர் பல நேரம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கூட லேபில்? நெட் இருக்காது, இருந்தாலும் புதிதாக எதையும் போட அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் சப்ளை பண்ணின ஏஜென்சிக்காரருக்கு. அவர் நம்பர்? அது பழைய ஹெச்எம்முக்குத் தெரியும். அவர் ரிட்டயர்டு ஆகியாச்சு. அவ்வ்வ்வ்...

டிரைவர் சரியானால் டிவைஸ் மேனேஜரில் காம் 3, காம் 4 என்று ஒரு எண் தோன்றும். அதைத்தான் ஆர்டுயினோ மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும். எது நம்ம போர்டு என்று எப்படித் தெரியும்? கேபிளைப் பிடுங்கு, எந்த எண் மறைகிறது என்று பார். திரும்பச் சொருகு, எது வருகிறது என்று பார். விஞ்ஞான முறை என்று பாடப் புத்தகம் பக்கம் பக்கமாக எழுதுகிறதே, அது இதுதான். ஒன்றை மட்டும் மாற்று, என்ன மாறுகிறது என்று கவனி.

இத்தனையும் சரியாக இருந்தும் ஏறாது. "நாட் இன் சிங்க்" என்று சிவப்பில் வரிவரியாகத் திட்டும். திண்ணைத் தாத்தா பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். ஏன்? 0, 1 என்ற ரெண்டு பின்களில் ப்ளூடூத் மாட்யூலை மாட்டி வைத்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் பேசுகிற அதே வழியில் அதுவும் நடுவில் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு ஏற்றணும், அப்புறம் மாட்டணும். இல்லேன்னா பழைய நானோ போர்டாக இருக்கும். அந்தத் தாத்தா மெதுவாகத்தான் பேசுவார், 57,600 வேகம். கம்ப்யூட்டர் 1,15,200 வேகத்தில் கத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. மெனுவில் "ஓல்டு பூட்லோடர்" என்று மாற்றினால் உடனே ஏறிவிடும்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இருக்கு. உபுண்டுவில் பயனர் பெயரை "டயல்அவுட்" குழுவில் சேர்க்காவிட்டால் அனுமதி இல்லை என்று முகத்தில் அடிக்கும். 2022-இல் வந்த உபுண்டு 22.04-இல் இன்னொரு கூத்து. பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் கருவிகளைக் கவனிக்கிற பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், சிஎச்340 போர்டைப் பார்த்ததும் இது நம்ம பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்து வைத்துக்கொண்டது. ரெண்டுக்கும் அடையாள எண் ஒன்று. போர்டு வருவது மாதிரி வந்து ஒரு நொடியில் காணாமல் போகும். நல்ல எண்ணத்தில் செய்த ஒரு காரியம் இன்னொருவன் வழியை மறித்த கதை. இதைவிட நல்ல பாடம் எந்த சிலபஸில் இருக்கிறது சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். கேபிள் சொருகியும் வேலை செய்யாத அந்த அரைமணி நேரம் வீணாப்போன நேரம் இல்லை. கரண்ட், சேதி, பாஷை, அனுமதி, வேகம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் குற்றவாளியைப் பிடிக்கிற துப்பறியும் வேலை அது. அந்தப் பாடத்தைத்தான் ட்ரெயினர் முன்கூட்டியே வந்து, லேப்டாப்பைத் திறந்து, புரோகிராமை ஏற்றி, "எல்லாம் ரெடி புள்ளைங்களா, சுவிட்சைப் போடுங்க" என்று சொல்லிச் சாகடிக்கிறார். சுவிட்சைப் போடுவதுக்கு எதுக்கு ரோபோடிக்ஸ் கிளாஸ்? எங்க வீட்டு மிக்சியிலும் சுவிட்ச் இருக்கு.

*

இனி மறுப்புகள். நானே எழுதிவிடுகிறேன், உங்களுக்கு டைப் அடிக்கிற வேலை மிச்சம்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு டிரைவர், போர்ட்டெல்லாம் எதுக்கு? எளிமையா இருக்க வேண்டாமா?" வேண்டும். அதற்கு வழி கேபிளைப் பிடுங்கி வைப்பது இல்லை. பிபிசி 2016-இல் இங்கிலாந்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்று ஒரு சின்ன போர்டை இலவசமாகக் கொடுத்தது. அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் பென்டிரைவ் மாதிரி வரும். புரோகிராமை இழுத்து அதில் போட்டால் முடிந்தது. பொதுவா தனியா டிரைவர் போடத் தேவையில்லை, பாஸ்வேர்டும் தேவையில்லை. வழியில் கிடந்த முள்ளைத்தான் எடுத்தார்கள், வழியை அடைக்கவில்லை. சொருகுவதும் ஏற்றுவதும் பிள்ளை கையில்தான். இங்கே நாம் முள் இருக்கு என்று சொல்லிப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறோம்.

"கம்ப்யூட்டரைப் பிள்ளைங்க கையில குடுத்தா வைரஸ் ஏறும், கெட்டுப்போகும்." ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்குங்கள். ஆபீஸ் கணக்கு, மார்க் லிஸ்ட் எதுவும் அதில் வேண்டாம். நெட்டும் வேண்டாம். 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வாங்கின லேப்டாப்கள் நம்ம மாவட்டத்தில் எத்தனை வீட்டு அலமாரியில் பேட்டரி செத்துக் கிடக்கின்றன! அதில் ஒரு இலேசான லினக்ஸைப் போட்டு, சார்ஜரைச் சொருகியபடியே வைத்தால் ஆர்டுயினோவுக்குத் தாராளம். கெட்டுப்போனால் மறுபடி போட ஒரு மணி நேரம். அதையும் பிள்ளைகளே போடட்டும்.

"இப்போ ஏஐ கோடு எழுதிக் குடுத்துருமே." எழுதட்டுமே, சந்தோஷம். எழுதின கோடு போர்டுக்குள் எப்படிப் போகும்? சார்ஜர் கேபிளில் பேச்சு ஒயர் இல்லை என்பதை ஏஐ எட்டிப் பார்த்துச் சொல்லுமா? கோடு எழுதுவது எளிதாக ஆக ஆக, எழுதினதைக் கருவிக்குள் கொண்டுபோய் வைத்து, அது நினைத்தபடி ஓடவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் மதிப்பு.

"வாத்தியாருக்கு எங்க நேரம்?" இது மட்டும் நியாயமான பேச்சு. பள்ளிக்கூடத்து ஆசிரியர்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. எமிஸில் ஏற்றணும், தேர்வு நடத்தணும், தேர்தல் வேலைக்குப் போகணும், நடுவில் பாடமும் நடத்தணும். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-இல் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை. பாதி கருவிகள் வாங்க, பாதி அஞ்சு வருஷம் வரை நடத்த. நாடு முழுக்கப் பத்தாயிரம் லேப் அமைத்தார்கள். 2025 பட்ஜெட்டில், அடுத்த அஞ்சு வருஷத்தில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், கை தட்டலாம். ஆனா கருவிக்கு பில் உண்டு, ஸ்டாக் ரெஜிஸ்டர் உண்டு, ஆடிட் உண்டு. பிள்ளை எத்தனை தடவை தானாகப் புரோகிராம் ஏற்றியது என்பதற்கு எந்த ரெஜிஸ்டரில் பத்தி இருக்கு? பொருள் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பத்திரமாக வைக்க நல்ல இடம் பீரோதான். பீரோவுக்குள் போன போர்டு புத்தம் புதுசாகவே ரிட்டயர்டு ஆகும்.

*

பூட்டி வைப்பது நம்ம பள்ளிக்கூடத்து வியாதி மட்டும் இல்லை, கம்பெனிகளுக்கும் உண்டு. அதனால்தான் எந்தக் கண்ட்ரோலரை வாங்குகிறோம் என்பதும் முக்கியம்.

லெகோ கம்பெனி 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்று ஒரு ரோபோ பெட்டி கொண்டுவந்தது. சீமோர் பேப்பர்ட் 1980-இல் எழுதிய புத்தகத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கம்ப்யூட்டர் பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கூடாது, பிள்ளைதான் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல வேண்டும் என்பது அந்த மனுஷரின் வாழ்நாள் வாதம். முதல் பெட்டியில் கேபிள் நேராக ரோபோவுக்குப் போகாது. கம்ப்யூட்டரில் ஒரு சின்ன கோபுரம், அதிலிருந்து டிவி ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட் ஒளியில் புரோகிராம் போகும். 2006-இல் யூஎஸ்பியும் ப்ளூடூத்தும் வந்தது, 2013-இல் இவி3 வந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதற்கென்று மென்பொருள். 2022 அக்டோபரில் மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். பெட்டி நல்ல பெட்டிதான், குறை சொல்லவில்லை. ஆனா மென்பொருளை கம்பெனி கைவிட்டால், மோட்டார் நன்றாக ஓடும்போதே, பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கும்போதே, கண்ட்ரோலரோடு பேசுகிற வழி கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும்.

இன்னொன்று இதைவிடக் காரம். எஃப்டிடிஐ என்று ஸ்காட்லாந்துக் கம்பெனி, துபாஷி சிப் செய்கிறவர்கள். அவர்களுடைய சிப்பைப் போலியாகச் செய்து விற்கிற கூட்டமும் உண்டு. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக அவர்களுடைய புது டிரைவர் ஒன்று வந்தது. போலிச் சிப் என்று தெரிந்தால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. கடையில் எது அசல், எது போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கினவன் நடுத்தெருவில். உலகம் முழுக்கத் திட்டு விழுந்த பிறகு அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி செய்தவன் தப்பு செய்தான், சரி. தண்டனை யாருக்கு? வாங்கினவனுக்கு!

2005-இல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் ஆர்டுயினோவைத் தொடங்கியவர்கள் இதற்கு நேர் எதிராக ஒன்று செய்தார்கள். போர்டின் வரைபடத்தையும் மென்பொருளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். நகல் போர்டுகள் நம்ம கைக்குச் சில நூறு ரூபாயில் வருவது அதனால்தான். 2025 அக்டோபரில் ஆர்டுயினோவை வாங்கப்போவதாக குவால்காம் அறிவித்தபோது பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனா ஊனோவின் வரைபடம் ஏற்கெனவே உலகத்துக்குச் சொந்தமாகிவிட்டது. அதை இனி யாரும் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் இதைப் பாருங்கள். கம்பெனி நாளைக்குக் கடையைச் சாத்தினால் நம்ம பிள்ளைகள் இந்தப் போர்டோடு பேச முடியுமா?

*

நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரை வைத்துக்கொண்ட நாட்டுக்காரர்கள் நாம். எங்க தாத்தா காலத்தில் வயலுக்குப் போகும்போது கலப்பை இருக்கும், மாடு இருக்கும். ஆனா நுகத்தடியில் மாட்டைச் சேர்க்க ஒரு பூட்டாங்கயிறு வேண்டும். காசு பெறாத கயிறுதான். அது இல்லாவிட்டால் மாடு தனி, கலப்பை தனி, ஒரு சால் உழ முடியாது. கலப்பையைக் கூடத்தில் மாட்டி மாலை போட்டு, மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்து, கயிற்றை மட்டும் பக்கத்து ஊர்க்காரனிடம் கொடுத்துவைத்தவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்? அதைத்தான் நாம் இப்போ லட்சக்கணக்கில் செலவு பண்ணிச் செய்துகொண்டிருக்கிறோம்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் என்று மார் தட்டுகிறோம். எழுத்தறிவு என்றால் பிறர் எழுதினதைப் படிக்க மட்டும் இல்லை, தானாக எழுதவும் தெரிவது. ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தலில் காற்றாலை வரிசை வரிசையாக நிற்கிறது. எல்லை தாண்டினதும் மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அங்கேயெல்லாம் உள்ளே கண்ட்ரோலர்தான், அதில் யாரோ எழுதின புரோகிராம்தான். தெக்கே கடல். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, ஆழ்கடலில் இருந்த நம்ம ஆட்களுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் கரையில் நின்று கதறினோமே, மறந்துபோச்சா? கரையிலிருந்து கடலுக்குச் சேதி போகிற கருவியை, விசைப்படகில் தண்ணீர் ஏறினால் கத்துகிற கருவியை, நம்ம குளச்சல் பிள்ளையும் தேங்காப்பட்டணம் பிள்ளையும் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்? யோசித்தால் மட்டும் போதாது, யோசித்ததைப் போர்டில் ஏற்றிப் பார்க்க அந்தப் பிள்ளை கையில் கேபிள் இருக்க வேண்டும்.

அதனால் பெற்றோர்களுக்கு. ரோபோடிக்ஸுக்கு ஃபீஸ் கட்டுகிறவர்கள் அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்கள்.

1. என் பிள்ளை போன வாரம் எத்தனை தடவை தன் கையால் போர்டைக் கம்ப்யூட்டரில் சொருகிப் புரோகிராம் ஏற்றியது?

2. டிரைவர் போட அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்குத் தெரியும்?

3. ட்ரெயினர் வராத நாளில் கேபிளும் போர்டும் எங்கே இருக்கும்?

4. கண்காட்சியில் ஓடின புரோகிராமில் என் பிள்ளை எழுதினது எந்த வரி?

5. இந்தக் கம்பெனி போனால் இந்தப் போர்டு ஓடுமா?

முதல் கேள்விக்கே தலையைச் சொறிந்தால், மிச்ச நாலையும் கேட்க வேண்டியதில்லை. ஃபீஸை மிச்சம் பிடித்து வீட்டுக்கு ஒரு ஊனோவும் பிரிண்டர் கேபிளும் வாங்கிப் போடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு மக்களே. ஓணத்துக்கோ கிறிஸ்மஸுக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வருவீங்கள்ல? நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு அரை நாள் போங்க. பொன்னாடை வாங்க வேண்டாம், தன்னம்பிக்கைச் சொற்பொழிவும் வேண்டாம். லேபில் ஒரு கம்ப்யூட்டரில் டிரைவரைப் போட்டு, போர்டு எந்த எண்ணில் வருதுன்னு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிட்டு, பேச்சு ஒயர் உள்ள கேபிள் நாலு வாங்கிக் குடுத்துட்டு வாங்க. ஹெச்எம் பீரோ சாவியைத் தேடினால், கேபிளை மட்டும் பீரோவுக்குள் விடாதீங்க. ஆணியடிச்சு, பிள்ளைங்களுக்கு எட்டுற உயரத்துல, சுவர்ல தொங்கவிட்டுட்டு வாங்க.

டிஸ்கி: பிள்ளைகளே கேபிள் சொருகி, பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே ஏற்றுகிற பள்ளிக்கூடமும் நம்ம மாவட்டத்தில் உண்டுன்னு யாராவது சண்டைக்கு வந்தா ரொம்ப சந்தோஷம். எந்த ஊருன்னு சொல்லுங்க, சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து பார்த்து, அதையும் இதே மாதிரி விலாவாரியா எழுதுறேன். ட்ரெயினர்மார் சண்டைக்கு வந்தாலும் வரலாம், வரும்போது அந்தக் கேபிளை எடுத்துட்டு வாங்க :-)